செஞ்சியில் படகு வாங்கினேன், தாய் பார்த்துக்கொண்டாள்

அங்காளம்மன் அடியார்களே, முதலில் என் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு பஸ் மாறினால்தான் கடலைப் பார்க்க முடியும் என்கிற செஞ்சியில், ஏரிக்குள் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த வைகாசி மாதத்தில், நீச்சல் தெரியாத நான் ஒரு மீன்பிடிப் படகு வாங்கினேன். நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவன். படகைப் பற்றி எங்கள் அலமாரியில் இருந்த அத்தனை புத்தகங்களையும் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். படிக்காமல் போயிருந்தால் இவ்வளவு மோசமான படகைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டுமானால் என் மகன் பிரபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரபு சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே படித்த சதீஷும் அவனும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். போன வருஷம் மாசி மாதம் சதீஷுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. உடலோடு வேனில் ஊர் வரைக்கும் உட்கார்ந்து வந்தவன் பிரபு. காரியம் முடிந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். அதற்குப் பிறகு பேசவில்லை.

கூப்பிட்டால் எழுந்து வருவான். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவான். குளி என்றால் குளிப்பான். பேச்சு மட்டும் கிடையாது. விழுப்புரத்தில் மனநல டாக்டரிடம் காட்டினோம். நாளாகும், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார். நிறுத்தவில்லை.

என் மனைவி தனலட்சுமி அழுதாள். எனக்கு அதுவும் வரவில்லை. பல் பிடுங்கப் போகும்போது ஊசி போடுவார்களே, கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. நூலகத்துக்குப் போனேன். புத்தகங்களில் முத்திரை குத்தினேன். யாராவது நகைச்சுவையாகப் பேசினால் நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

சித்திரையில் ஒரு நாள் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போனேன். அமாவாசைக்குப் போனால் அந்தக் கூட்டத்தில் தாய்க்கே என் முகம் தெரியாது என்று ஒரு சாதாரணப் புதன்கிழமை போனேன். பூசாரி, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார். பிரபுவின் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். மறந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் நட்சத்திரம். அவர், "பரவால்ல, அவளுக்குத் தெரியும்" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

சந்நிதியில் நின்றேன். உருகி வேண்டிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. கண்ணீரும் இல்லை, பக்தியும் இல்லை, கல் மாதிரி நின்றேன். பின்னால் இருப்பவர்கள் நெருக்க ஆரம்பித்தபோது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: அவன் ஏதாவது பேசட்டும் தாயே, என்னைத் திட்டுவதாக இருந்தாலும் சரி. அவ்வளவுதான் என் பிரார்த்தனை. குங்குமம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் எதுவும் மாறவில்லை. ஆனால் சில நாள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். பிரபுவின் போனில் படகு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் படகு. அதற்கு அடுத்த நாளும் யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள். தாய் குறிப்புக் காட்டிவிட்டாள் என்று முடிவு செய்தேன். நான் செய்ய நினைப்பதை அவள் தலையில் கட்டுகிற பழக்கம் எனக்கு முன்பே உண்டு.

தனலட்சுமி சமையலறைக்கு டைல்ஸ் போடச் சீட்டு எடுத்து வைத்திருந்தாள். அதுதான் என் பட்ஜெட். கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். வேறு காலமாக இருந்தால் அந்தப் பணத்துக்கு ஒரு வாரம் சண்டை நடந்திருக்கும். சண்டை போடாமல் கொடுத்ததுதான் எனக்கு உறுத்தியது.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்தேன். லாரி ட்யூபின் மேல் பலகை கட்டிக்கொண்டு மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செலவே இல்லை, கௌரவமும் இல்லை. அடுத்தது ஃபைபர் பரிசல். இரண்டு பேர் உட்காரலாம், ஒரு ஆள் தூக்கலாம். அடுத்தது கடற்கரையில் பழையதாக விற்கும் ஃபைபர் படகு. கூர்மையான மூக்கு, நீல வண்ணம், பார்க்கப் படகு மாதிரியே இருக்கும். நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

தனலட்சுமியின் தம்பி முருகன் அவலூர்பேட்டையில் லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் வண்டியில்தான் மரக்காணம் பக்கம் போனோம். வழியெல்லாம் அவன் பரிசலுக்காக வாதாடிக்கொண்டே வந்தான்.

"மாமா, பரிசலே எடுத்துக்குங்க. தலைல கவுத்துக்கினு வூட்டுக்கு வந்துடலாம். மழ வந்தா குட செலவு மிச்சம்."

"பரிசல் ஒரே எடத்துல சுத்தும்டா."

"நம்ம ஏரி மட்டும் இன்னா மாமா, நேரா போனா கரை வந்துடப் போவுது."

நான் கேட்கவில்லை. மணலில் கவிழ்ந்து கிடந்த ஒரு படகைக் காட்டினார்கள். அடியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. புத்தகத்தில் படித்தபடி ஒட்டுகளைத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் என்ன சத்தம் வர வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. இருந்தாலும் தலையை ஆட்டினேன்.

"எங்க வுடப் போறீங்க?" என்று படகுக்காரர் கேட்டார்.

"செஞ்சி பக்கம், ஏரியில."

"ஏரியில தண்ணி இருக்குதா?"

"ஐப்பசியில வரும்."

உடனே விலையைக் குறைத்தார். இரக்கத்தில் குறைத்தாரா, எனக்குப் புத்தி வருவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்று குறைத்தாரா, இன்றுவரை தெரியவில்லை.

படகு எங்கள் தெருவில் வந்து இறங்கியது. பிரபு வாசல் வரைக்கும் வந்தான். பார்த்தான். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. டீக்கடைக்காரர் தினமும், "சார், கடல் எந்த பஸ்ல வருது?" என்று கேட்டார். கோட்டை பார்க்க வந்தவர்கள் வழி தவறி எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் படகோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆடுகள் அதன் நிழலில் படுத்தன. ஒரு கோடை மழையில் படகு முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டது. பின்பக்கம் அடியில் ஒரு சிறிய துளையும் அதற்கு ஒரு மர அடைப்பும் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அடைப்பைப் பிடுங்கினேன், தண்ணீர் வடிந்தது. இனி மழை பெய்தாலும் கவலையில்லை என்று அடைப்புக் கட்டையை டிவி மேல் வைத்தேன். படகு விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி வாக்கில் பிரபு மத்தியான நேரங்களில் படகுக்குள் போய் உட்கார ஆரம்பித்தான். தனலட்சுமி காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். பேச்சு இல்லை. டம்ளர் மட்டும் காலியாகத் திரும்பி வந்தது.

ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கார்த்திகை பிறக்கும்போது பனமலை ஏரி கரை தொட்டு நின்றது. ஏரி மீனைக் குத்தகை எடுத்திருந்த ஏழுமலை அண்ணனிடம் ஒரு நாள் வலை போட அனுமதி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகன் வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு போனோம். பிரபுவை வா என்றேன், வந்தான். கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, நானும் முருகனும் ஏறினோம். பிரபு ஏறவில்லை. கரையில் நின்றான்.

முருகன் துடுப்புப் போட்டான். மதகுப் பக்கம் போனோம். அங்கேதான் ஆழம், அங்கேதான் மீன் என்று படித்திருந்தேன்.

"முருகா, கால் ஈரமா இருக்குதுடா."

"ஏரின்னா ஈரமாத்தான் மாமா இருக்கும்."

கொஞ்ச நேரத்தில் கணுக்கால் மறைந்தது. முருகன் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. "ஒட்டு வுட்டுடுச்சு மாமா! குதிங்க!" என்று கத்திக்கொண்டே குதித்துவிட்டான். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவனுக்குத் தண்ணீருக்குள் விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்ப வந்து படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். படகு அவன் பக்கம் சாய்ந்தது. நான் எழுந்து நின்றேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இது சாட்சி, மறைக்கக் கூடாது. எனக்குப் பயம் வரவில்லை. முழங்காலுக்குத் தண்ணீர் ஏறுவதை யாருக்கோ நடப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, இப்படியும் ஒரு முடிவு என்று தோன்றியது.

அப்போது கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நைனா! நிக்காத! உக்காரு!"

யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. மாதக் கணக்கில் கேட்காத குரல்.

"உக்காரு நைனா! மாமா, நீ ஒரு பக்கமா தொங்காத, வுடு! நைனா, பின்னால அடியில ஓட்டை இருக்குது பாரு! கட்டைய எங்க வச்ச?"

"டிவி மேல!" என்று நான் கத்தினேன்.

"அறிவிருக்குதா ஒனக்கு? தண்ணியில வுடற படகுக்குக் கட்டைய வூட்ல வச்சிட்டு வருவியா? துண்ட சுருட்டி ஓட்டைய அடை! அட நைனா, இன்னாத்துக்கு என்னையே பாத்துக்கினு இருக்க?"

துண்டைச் சுருட்டித் தண்ணீருக்குள் தடவித் தடவி அந்தத் துளையில் திணித்து, குதிகாலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. முருகன் படகுக் கயிற்றோடு கரைப் பக்கம் நீந்தினான். பிரபு மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். இழுத்துக்கொண்டே திட்டினான். திட்டிக்கொண்டே இழுத்தான். பெற்ற அப்பனைச் சொல்லக் கூடாத வார்த்தைகளும் அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் நான் கை கட்டிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

கரை ஏறியதும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"சதீஷ் போனது பத்தாதா? நீயும் போவணுமா?"

சொல்லிவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்குக் குளிர் தெரிந்தது. பல் கிட்டியது. ஊசி போட்ட மரப்பு விடும்போது வலிக்குமே, அந்த வலி மாசியிலிருந்து சேர்ந்து மொத்தமாக வந்தது. முருகன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான். அவனுக்கு அப்படி ஒரு நாகரிகம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

என்னைத் திட்டினாலும் சரி என்று கேட்டிருந்தேன். கேட்டது அப்படியே கிடைத்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டாக்டரிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டார், மாத்திரை தொடரட்டும் என்றார். தொடர்கிறது. சில நாள் பழையபடி சுவரைப் பார்த்துப் படுப்பான். ஆனால் பேசுகிறான். சதீஷைப் பற்றிப் பேசுகிறான். ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன், படகு வீடியோ ஏன் அவ்வளவு பார்த்தாய் என்று. "எது? அதுவா? ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு தானா ஓடும் நைனா. நான் எங்க பாத்தேன்?" என்றான். என் குறிப்பு அறியும் திறமை அவ்வளவுதான். நான் தப்பாகப் படித்த குறிப்பை வைத்தே தாய் தன் வேலையை முடித்துக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அந்தப் படகை அவனே பேசி மரக்காணம் பக்கம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். ஒரு ஃபைபர் பரிசல் வாங்கினான். தூக்கிப் பார்த்தான், தண்ணீரில் போட்டு உட்கார்ந்து பார்த்தான், பிறகுதான் பணம் கொடுத்தான். படகு வாங்குவது அவ்வளவுதான் போலிருக்கிறது. ஏழுமலை அண்ணனோடு பங்குக்கு மீன் பிடிக்கிறான். சென்னைக்குத் திரும்பும் பேச்சு இப்போது இல்லை. நாங்களும் கேட்பதில்லை. வீட்டில் மீன் குழம்பு அடிக்கடி நடக்கிறது. உப்பு கூடக் குறைய என்று தனலட்சுமியோடு அவனும் நானும் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டைக்காக நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மனசு மரத்துப் போயிருக்கலாம். கை கூப்பினாலும் ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். உருகத் தெரியவில்லையே, மந்திரம் தெரியவில்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். நான் கல் மாதிரித்தான் போய் நின்றேன். நீங்களும் போய் நில்லுங்கள். வாயில் வருகிற ஒன்றைக் கேளுங்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

தை மாதத்தில் நன்றி சொல்லப் பிரபுவோடு மலையனூர் போனோம். வரிசை நீளமாக இருந்தது. பின்னால் நின்ற ஓர் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே நகர்ந்தேன். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண் கலங்கி, கடைசிவரை கேட்டார். சந்நிதி நெருங்கியபோது பிரபுவை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"மெட்ராஸ் வேலைய வுட்டுட்டானா? அப்ப பொண்ணு கெடைக்கறது கஷ்டந்தான். அதையும் இப்பவே சேத்து வேண்டிக்குங்க சார், இன்னொரு தபா பஸ்ஸுக்குக் குடுக்கறதாவது மிச்சம்."