தலைகீழாய் ஒட்டிய தீபாவளி

ரப்பர் சிமெண்ட் பசையின் வாடை... காலையில் ஸ்டூடியோ கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும். மதியம் வரை இறங்காது.

எழுபதுகளின் கடைசி. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு விளம்பர நிறுவனத்தில் நான் டிசைனர். கம்ப்யூட்டர் கிடையாது. தமிழ்த் தலைப்புகளை நான் தூரிகையால் எழுதுவேன். ரோஸ்னா படம் வரைவார். லியோங் சீன எழுத்துகளை எழுதுவதோடு, எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டி அச்சுக்குத் தயார் செய்வார். மூவருக்கும் ஒரே நீள மேசை.

எனக்கு ஒரு பழக்கம். எழுதி முடித்ததும் தாளைத் தலைகீழாகச் சுவரில் குத்திவைத்துப் பார்ப்பேன். அப்போது கண் வார்த்தையைப் படிக்காது. எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மட்டும் தெரியும்.

பக்கத்து ஊரான கிள்ளானில் ஒரு துணிக்கடைக்குத் தீபாவளி போஸ்டர். நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம், சுவரில் இருந்ததை இருந்தபடியே எடுத்து ஒட்டிவிட்டார் தமிழ் படிக்கத் தெரியாத லியோங். கனமான வளைவுகள் கீழேதானே உட்கார வேண்டும் என்று நினைத்தாராம்.

அச்சுக்கூடத்திலிருந்து மாதிரி வந்தது. வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் சுகுமாறன், சுருட்டியதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கிள்ளானுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலை முகம் கறுத்து வந்து நின்றார்.

"கடை மொதலாளி போஸ்டரத் திருப்பிப் பிடிச்சுப் படிச்சாரு அக்கா. தமிழ் நேரா வந்துச்சு... சேலை கட்டுன பொண்ணு தலைகீழா நிக்குது."

ரோஸ்னா வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

"தப்பு என்னோடது. மேல் பக்கம் எதுன்னு குறிக்கல. வேற எழுதித் தரேன்."

"வேணாம்கா. நம்ம மேனேஜர் தமிழ எடுத்துரச் சொல்லிட்டாரு. இங்கிலீஷ் போதும் லா. இனிமே எல்லா வேலைக்கும் அப்படித்தான். நம்ம ஆளுங்க எல்லாம் படிச்சிட்டாங்க."

"உங்க அம்மா எதுல படிப்பாங்க, தம்பி?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்குள்ள அச்சுக்குப் போவணும். முடியுமா?"

"முடியும். மேனேஜர் கிட்ட நானே பேசிக்கிறேன்."

நான் கான்வென்ட்டில் படித்தவள். ஆங்கிலத்தில் மேனேஜருக்கு நான் சளைத்தவள் இல்லை. தமிழ் இல்லாமல் அந்த போஸ்டர் போனால் என் மேசையும் காலியாகும் என்று அந்த ஆங்கிலத்திலேயே சொன்னேன். நாலு மணி வரை தவணை கொடுத்தார்.

ஒட்டியதை உரித்தபோது தாள் கிழிந்தது. மறுபடி முதலிலிருந்து எழுதினேன். ரோஸ்னா தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கோடு போட்டுக் கொடுத்தார். லியோங் சாப்பிடப் போகவில்லை. ஒட்டும் முன் ஒவ்வொரு சொல்லையும் என்னிடம் காட்டி, தலைப்பக்கம் இதுதானா என்று "ஹெட்?" என்பார். "ஹெட்" என்பேன்.

மூன்றரைக்கு முடிந்தது. சுகுமாறன் இந்த முறை பிரித்து, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனார்.

அந்த ஆண்டு கிள்ளான் கடைத்தெருத் தூண்களில் என் தமிழ் நின்றது. அடுத்த ஆண்டும். அதற்கடுத்த ஆண்டும். எந்த வேலையிலிருந்தும் தமிழை எடுக்கும் பேச்சு பிறகு எழவில்லை.

இப்போது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பேனர்களைப் பூச்சோங்கில் ஒரு பெண் செய்கிறாள். கெட்டிக்காரி. வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை. பக்கத்தில் கோடு போட்டுக் கொடுக்க யாருமில்லை... அதற்காக மட்டும் அவள்மேல் எனக்கு இரக்கம்.

போன மாதம் பொங்கல் பேனர் அனுப்பினாள். ஆங்கிலம் பெரிதாக. தமிழ், அடியில் எறும்பு வரிசை மாதிரி.

"எடம் இல்ல ஆன்டி."

"இங்கிலீஷச் சின்னதாக்கும்மா. எடம் வரும்."

மறுநாள் திருத்தி அனுப்பினாள். தமிழ் மேலே, பெரிதாக. எழுத்து இடைவெளி இன்னும் சரியில்லை.

அதையும் சொல்லிவிட்டேன்.