அட்டையில்லாத அரசியல் சட்டம்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்த அன்று அப்பாவின் தகரப் பெட்டியை வெளியே இழுத்து வைத்தோம். மேலே அவருடைய பைபிள். அதற்கடியில், பட்டுக்கடைப் பை ஒன்றில் சுற்றிய ஆங்கிலப் புத்தகம். அட்டை இல்லை, முதல் சில தாள்களும் இல்லை. திறந்ததும் கண்ணில் பட்டது, ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கும் முகவுரையின் ஆங்கிலம்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. அந்த முகவுரையைப் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்துச் சொல்ல வைக்கிறவள். தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். அதனால்தான் கடைசி வரியில் திகைத்து நின்றேன். நவம்பர் 1949 இருக்க வேண்டிய இடத்தில், நாளுக்கு மட்டும் இடம் விட்டு, மே 1948 என்று அச்சாகியிருந்தது.

அச்சுப்பிழை என்று நினைத்தேன். தாள்களைப் புரட்டினால் குழப்பம் கூடியது. தீண்டாமை ஒழிப்பு பதினேழாவது பிரிவு என்று எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இதில் அது பதினொன்றாவதாக இருந்தது. ‘இந்தியா, அதாவது பாரதம்’ என்ற வரியில் பாரதத்தைக் காணோம். என் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

“டூப்ளிகேட்டா இருக்கும்கா” என்றான் தம்பி. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறான். அவனுக்கு அதற்குமேல் நேரமில்லை.

அப்பாவைக் கேட்டேன். அப்பாவுக்குச் சில வருடங்களாக மறதி. கூரத்துப் பக்கம் பிறந்து, மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்து, கொத்தனாராக இருந்தவர்.

“இது எப்படிப்பா உன்கிட்ட வந்துச்சு?”

“ஃபாதர் குடுத்தாரும்மா, படிச்சுப் பாருடான்னு.”

மறுநாள் கேட்டபோது திருப்பருத்திக்குன்றத்து ஜைன வாத்தியார் கொடுத்தார் என்றார். அதற்கப்புறம் ஒருநாள், ஒரு வக்கீல் வீட்டில் சுவர் பூசப் போனபோது குப்பையில் கிடந்ததாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தையே கண்முன் பார்ப்பவரைப் போலச் சொன்னார். எதை நம்ப?

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இங்கே கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறாள். அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன். நின்றபடியே நாலைந்து பக்கம் பார்த்தவள், மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

“டீச்சர், இது வரைவு. சட்டம் பாஸ் ஆவறதுக்கு முன்னாடி அடிச்ச காப்பி. ஜனங்க படிச்சிட்டு இன்னா தோணுதோ சொல்லட்டும்னு வெளியில உட்டாங்க. இப்ப ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். பத்திரமா வெச்சுக்கோங்க.”

கட்டிலில் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கினார். “ஆமாம்மா. கேட்டுக்கினு இருக்காங்க. நாமதான் இன்னும் பதில் போடல.”

வக்கீல் பெண் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அன்று முதல் அதே பேச்சு. காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, “பதில் எழுதினியாமா?” சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது, “போட்டுட்டியாமா?” அதெல்லாம் முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். பதற்றமானார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சரி, சொல்லுபா. இன்னா எழுதணும்?”

“செருப்பு போட்டுக்கினு பெரிய தெருவுல நடக்கலாம்னு எழுது.”

சின்ன வயதில் அந்தத் தெரு முனையில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்ததை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை; ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரியும். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கால்களைப் பார்த்தேன்.

“அது இதுலயே இருக்குதுபா. பதினொண்ணாவதுல. தீண்டாமை ஒழிச்சாச்சு, செஞ்சா தண்டனைன்னு போட்டிருக்குது.”

“செருப்புன்னு போட்டுக்குதா?”

திரும்பப் படித்தேன். “இல்லபா.”

“அப்ப எழுது.”

எழுதினேன். அந்த ஒரு வரிதான். வேறு ஏதாவது உண்டா என்று கேட்பதற்குள் தூங்கிப்போனார்.

புத்தகத்தை என்ன செய்வது என்பதில் எனக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டிலேயே இருக்கட்டும் என்றான் அவன். தாள்களோ தொட்டாலே ஓரம் உதிர்ந்தன. கடைசியில் வக்கீல் பெண் விசாரித்துச் சொன்ன சென்னை நூலகம் ஒன்றுக்கு நானே பஸ்ஸில் எடுத்துப் போனேன். அப்பா சொன்ன வரியை மடித்து உள்ளே வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.

அங்கிருந்த அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். வரைவுதான் என்று உறுதி சொன்னார். பிறகு மடித்த தாளை எடுத்தார்.

“மேடம், இது புத்தகத்தோட சேர்ந்ததா?”

“இல்ல” என்றேன். உடனே, “ஆமாம் சார்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எப்ப எழுதினது?”

“போன மாசம்.”

அவருக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை. யாரையோ போனில் கேட்டார். பிறகு அந்தத் தாளைத் தனி உறையில் போட்டு, புத்தகம் வைத்த அதே பெட்டிக்குள் வைத்தார். அப்படி வைப்பது முறையா, யாராவது பின்னால் எடுத்து எறிந்துவிடுவார்களா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தம்பி அப்பாவுக்கு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

“குடுத்துட்டியாமா? இன்னா சொன்னாங்க?”

“வாங்கி வெச்சுக்கினாங்கபா.”

“படிக்கிறாங்களாமா?”

தம்பி என்னைப் பார்த்தான். “படிப்பாங்கபா” என்றேன். பொய்யா நிஜமா, எனக்கே தெரியவில்லை.

“மெதுவா படிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அப்பா சட்னி கேட்டார்.