இடப்பக்கம் சாயும் முடிச்சுகள்

ஸ்கூடாய் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், எங்கள் பேச்சில் பசாரில், யாராவது வயர் கூடையோடு நடந்து போனால், அதைப் பின்னியது யார் என்று பத்தடி தூரத்திலிருந்தே என்னால் சொல்லிவிட முடியும். முடிச்சுகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் யாரோ. இடப்பக்கம் சாய்ந்திருந்தால் என் மனைவி. அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் வாரத்துக்கு ஒன்றிரண்டு கூடைகள் என் கடையைத் தாண்டிப் போகின்றன. ஒன்றில் முருங்கைக்கீரை இருக்கும், ஒன்றில் மீன் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அது கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் இடது கைக்காரி. அதனால்தான் அந்தச் சாய்வு. நானோ தினமும் எல்லை தாண்டிப் போய், சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் பொருள்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வேலையை விட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, அவள் பொழுதுபோக்காகப் போட்டுக்கொண்டிருந்த கூடைகளில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். முடிச்சு கோணல், வரிசை கோணல், விளிம்பு கோணல். ஒருநாள் வயர்க் கட்டைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"வாய் மட்டும் நேரா இருக்கு. கை எப்படின்னு பாப்போம்."

கை நன்றாகவே வந்தது. எனக்கே ஆச்சரியம். சாப்பிட்டு முடித்த மத்தியானங்களில் வீட்டு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு கூடையோடு உட்கார்ந்துவிடுவோம். எங்கள் குடியிருப்பான தாமானில் எல்லா வீட்டுக்கும் குடுத்து, குடுக்க ஆளில்லாமல் போன பிறகுதான் பசாரில் ஒரு மேசை போட்டோம். என் கூடைகள் அளவெடுத்து வார்த்தவை போல இருக்கும். ஆனால் வருகிறவர்கள் அவளுடையதைத்தான் எடுப்பார்கள். காரணம் எனக்குத் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மனசு வராது. நான் விளிம்பு முடித்ததும் மிஞ்சிய வயர் நுனிகளை ஒட்ட வெட்டிவிடுவேன். பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே கை விட்டால் கீறும். அவள் ஒவ்வொரு நுனியையும் நீளமாக விட்டு, உள்பக்கம் மூன்று முடிச்சுக்குள் மடித்துச் செருகுவாள். நான் கத்தரிக்கோலோடு போனால் கையைத் தட்டிவிடுவாள்.

"வெட்டாதீங்க லா. வாங்குறவங்க உள்ள கை விடுவாங்க. பாக்குறதுக்கா கூடை?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், துணி காயப்போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, அவள் பாதியில் விட்ட கூடை என் கண்ணில் பட்டது. பச்சையும் வெள்ளையும். அடி முடிந்து ஏழு வரிசை ஏறியிருந்தது. அவளுக்காக இதை முடித்து வைப்போம் என்று எடுத்தேன். ஒரு வரிசை போட்டேன். கீழே இடச்சாய்வு, மேலே வலச்சாய்வு, நடுவில் ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு கோடு. அது என் கண்ணை உறுத்தியது. ஒழுங்காக வரட்டும் என்று அவளுடைய கடைசி வரிசையைப் பிரித்தேன். அப்புறம் அதற்குக் கீழே உள்ளதை. இருபத்தாறு வருஷப் பழக்கம், கை நிற்கவில்லை. அடிவரைக்கும் பிரித்து, வயரில் இருந்த நெளிவு போவதற்காக வெந்நீரில் வேறு ஊறப்போட்டேன்.

தண்ணீர் ஆறியது. வயர்கள் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிவந்தது போல நேராகக் கிடந்தன. அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. வீட்டில் அவள் கைபட்ட கூடை வேறு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் விற்றிருந்தோம். குளியலறைத் தரையில் உட்கார்ந்து அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகைகூட வரவில்லை, பயம்தான் வந்தது.

மூன்று மாசம் கழித்து மறுபடி கடை போட்டேன். பக்கத்துக் கடையில் பலகாரம் விற்கும் மலாய்க்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாலோ என்ற ஊரிலிருந்து வரும் ஓர் அம்மாதான் கேட்டார். அவர் மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மாசம் ஒருமுறை மகளைப் பார்க்க வரும்போது பசாருக்கும் வந்து என் மனைவியோடு ஒரு மணிநேரம் கதை பேசிவிட்டுப் போவார்.

"அக்கா எங்கண்ணே?"

வாயைத் திறந்தேன். வேறு ஏதோ சொல்லத்தான் நினைத்தேன்.

"வீட்ல இருக்காங்க. முட்டி வலி."

"அலமாக்! ரொம்ப வலியா? சரி, நான் கேட்டேன்னு அக்காகிட்ட சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் படத்துக்கு முன்னால் நின்று, "பாலோக்காரம்மா உன்னைக் கேட்டாங்க" என்றேன். அவள் போன பிறகு அந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அடுத்த மாசம் முட்டி வலிக்குத் தைலம் வந்தது. அதற்கடுத்த மாசம் தோட்டத்து வாழைப்பழம் வந்தது. மகள் பாஸான செய்தி, மருமகன் தேடும் செய்தி எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் சொன்னேன். தைலப் புட்டி விளக்குப் பக்கத்தில் இருந்தது. உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்கு அவள் இன்னும் முட்டி வலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது போதும் போல இருந்தது.

ஒரு மாசம் அந்த அம்மா தன் பழைய கூடையைக் கொண்டுவந்தார். சிவப்பு வயர், வெயிலில் வெளிறியிருந்தது. ஒரு கைப்பிடி அறுந்துவிட்டது.

"அக்காகிட்ட குடுத்து சரி பண்ணி வைங்கண்ணே. அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே கை விட்டேன். வழவழவென்று இருந்தது. இதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது என்று அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. அவருக்குப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். ஆனால் அது அவள் போட்டது போலவே இருக்க வேண்டும்.

இடது கையால் பின்னப் பழகினேன். முதல் வாரம் முழுக்கப் பிரித்துப் பிரித்துப் போட்டேன். இரண்டாவது வாரம், ஒரு மத்தியானம், கை தானாகவே போக ஆரம்பித்தது. முடிச்சை இறுக்கும் முன் சுண்டுவிரலால் வயரை ஒதுக்குவது அவள் பழக்கம். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. என் இடது சுண்டுவிரல் அதைச் செய்தது. எதிரில் இருந்த காலி நாற்காலியைப் பார்க்கப் பயந்து, குனிந்த தலை நிமிராமல் பின்னினேன்.

அடுத்த மாசம் புதுக் கூடையை நீட்டினேன்.

"பழசு ரொம்ப நைஞ்சு போச்சும்மா. அக்காவே உங்களுக்குப் புதுசா போட்டுட்டாங்க."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. சாய்வைத் தடவிப் பார்த்தார். "அக்கா கைதான்" என்று சிரித்தார். அப்புறம் வாங்கிய வெண்டைக்காயை வைக்க உள்ளே கை விட்டார். சட்டென்று இழுத்துக்கொண்டார். புறங்கையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது.

விளிம்பைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். நுனிகள் எல்லாம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன, வரிசையாக, வெகு சுத்தமாக. எப்போது வெட்டினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

"அக்கா நுனிய வெட்ட மாட்டாங்களே" என்றார் மெதுவாக.

அவர் என் முகத்தைப் பார்த்தார், மேசைக்குப் பின்னால் காலியாக இருந்த அவள் நாற்காலியைப் பார்த்தார்.

"எப்போண்ணே?"

சொன்னேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"பழைய கூடைய அடுத்த மாசம் கொண்டாந்துடுறேம்மா."

"வேணாம். அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

புதுக் கூடையில் வெண்டைக்காயை வைத்து எடுத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக அந்த இடத்தில் நின்றுதான், "நான் கேட்டேன்னு அக்காகிட்ட சொல்லுங்க" என்று சத்தம் போட்டுச் சொல்வார். நான் எழுந்து நின்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

பழைய கூடை இப்போது படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய் அவள் படத்துக்கு முன்னால் நின்றேன். அவளிடம் கொண்டுபோய்ச் சொல்ல இனி யாருடைய சேதியும் இல்லை.