குளியலறைத் தட்டில் இருந்த இரண்டு போத்தல்கள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப்போன மருமகன் கையில் கண்டிஷனர் போத்தலோடு வெளியே வந்தார். அதைச் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தார். பைக்கை எடுத்துக்கொண்டு மருதமுனையிலுள்ள தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். இவர் வந்து இரண்டு மாதம்தான். நானும் அவரும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. சொல்ல வேண்டியதை மகள் மூலம் சொல்வோம். அதனால் என்ன நடந்ததென்பதும், அவர் மகளுக்குக் கோல் எடுத்த பிறகு, மகள் வாயால்தான் வந்தது.

"உம்மா, அதுல அல்கஹோல் இரிக்காம். இவ்வளவு நாளும் அதத் தலையில பூசிட்டுத் தொழுதது கூடாதாம். எல்லாத் தொழுகையையும் திருப்பித் தொழப்போறாராம். சாராயத்தால தல கழுவுற வூட்டுக்கு இனிப் போகாதண்டு மாமி சொல்லிட்டாவாம்."

கண்டிஷனரை வாங்கியவள் நான். போத்தலைத் திருப்பினேன். சிறிய ஆங்கில எழுத்தில், தண்ணீருக்கு அடுத்ததாகவே 'சீட்டைல் அல்கஹோல்' என்று இருந்தது.

"தூக்கி எறிஞ்சிட்டு மன்னிப்புக் கேப்பம்" என்றார் என் கணவர். எறிந்தால், வீட்டில் சாராயம் வைத்திருந்தோம் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குள் தாயும் மகனும் உடுப்பு எடுக்க வருவதாகத் தகவல் வந்தது.

பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கும் என் தங்கைக்குக் கோல் எடுத்தேன்.

"ராத்தா, அல்கஹோல் எண்டது பெரிய குடும்பம். வெறிக்கிறது அதுல ஒண்டுதான். இது மெழுகு மாதிரிச் சாமான், தேங்காயெண்ணெய், பாமெண்ணெயிலயிருந்து எடுக்கிறது. மயிர மெதுவாக்கும். குடிச்சாலும் வெறிக்காது, வயித்தாலதான் போகும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மத்தது?" என்றேன்.

"அது எதனோல். அல்கஹோல் டினாட் எண்டு போட்டிரிக்கும். கையில பட்டாக் குளிரும், ஒடனே காஞ்சிடும். மயிரையும் காய வைக்கும்."

கண்டிஷனரைப் புறங்கையில் தேய்த்தேன். வழுவழுவென்று அப்படியே கிடந்தது. பிறகு குளியலறைத் தட்டிலிருந்த ஒவ்வொரு போத்தலையும் திருப்பி வாசித்தேன். கடைசியாக, மருமகன் தன் பெட்டியில் கொண்டுவந்த, முடியைப் படிய வைக்கும் ஸ்பிரே. முதற் சொல்லே அல்கஹோல் டினாட். மணிக்கட்டில் அடித்தேன். குளிர்ந்தது, துடைக்கத் துணி எடுக்குமுன் காய்ந்துவிட்டது.

கதவடியில் மகள் நின்றாள். "உம்மா, அதக் கதைக்காதீங்க. மாமிக்கு முன்னால அவர் வெக்கப்பட்டா, பிறகு வரவே மாட்டார்."

அந்தியில், மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர் வந்தார்கள். மருமகன் முன் ஹோலில் நின்றுகொண்டார். தாய் திரைச்சீலையை விலக்கி உள்ளே வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல், "எங்க மகன்ட உடுப்பு?" என்றார். நான் கண்டிஷனரை அவர் கையில் தடவி, தங்கை சொன்னதைச் சொன்னேன். மோந்து பார்த்தார். "பூ மணக்குது" என்றார், அரைமனதாக.

திரைக்கு அப்பாலிருந்து மருமகன் மகளிடம் கேட்டார்: "அப்ப, மத்த அல்கஹோல் எதுல இரிக்கி?"

மகள் தரையைப் பார்த்தாள். மறைத்தால், அவர் சந்தேகப்பட்ட அதையே பூசிக்கொண்டு தொழுவார். சொன்னால், ஒரேயடியாகப் போய்விடலாம். திரையை ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மகன், உங்கட ஸ்பிரேயில இரிக்கி. அதப் பூசலாமெண்டும் கூடாதெண்டும் ஆலிம்கள் ரெண்டு விதமாச் சொல்றாங்க. உங்கட மௌலவியிட்டக் கேளுங்க. தொழுகையத் திருப்புறதையும் கேட்டுட்டுச் செய்யுங்க."

தாய்தான் முதலில் வாய் திறந்தார். "கொண்டுவந்தவன் நீயாடா? இதுக்கா என்னையும் இழுத்துக்கிட்டு வந்தாய்?"

மருமகனின் முகம் கறுத்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பைப் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. மகள் என் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள். உடுப்புப் பை கதிரையில் கிடந்தது. தாய் அதைத் தொடவில்லை.

பாங்கு சொல்லும்போது வெளியே வந்தார். ஈரமுடி நாலாபக்கமும் நிமிர்ந்து நின்றது. தாயைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை.

"மாமி," என்றார் என்னிடம், "என்ட தொப்பியக் கண்டீங்களா?"

காலையில் நான்தான் அதைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன்.