ஐம்பத்தாறு பாகையில் அரை மணி நேரம்

1. மாட்டுத் தொட்டி

டொக்டர் ஃபோலாகே எங்கள் லாப்புக்கு வந்த முதல் நாள், வாசலில் நின்ற ஒருவர் அவருக்குத் துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கும் முதல் நாள் அந்த அறையைத்தான் காட்டினார்கள். இதை அவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி லாப்பில் சில வருடங்கள் வேலை செய்தவள். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு, ஜெர்மனியில் டுசல்டோர்ஃபில் பொறியியலாளராக இருந்த கணவரிடம் வந்து சேர்ந்தேன். என் பழைய சான்றிதழை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. திரும்பவும் படித்து, பரீட்சை எழுதி, பக்கத்து நகரத்தில் ஒரு புரொபெசர் நடத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை எடுத்தேன். கூடத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

ஃபோலாகே நைஜீரியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக் குழந்தை வைத்தியர். சில மாதங்கள் எங்களோடு ஆராய்ச்சி செய்ய உதவித்தொகையில் வந்திருந்தார். அவருடைய வார்டுக்கு முகமும் வயிறும் வீங்கிய பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். சிறுநீரக வருத்தம். ஒரே மருந்தைக் கொடுத்தால் சில பிள்ளைகள் எழும்பி ஓடினார்கள், சில பிள்ளைகள் அந்த மருந்தாலேயே இன்னும் மோசமானார்கள். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை இரத்தத்தில் உள்ள கொம்பிளிமென்ட் காட்டிக்கொடுக்கும் என்பது அவருடைய எண்ணம். கிருமியை உடைக்க உடம்பு வைத்திருக்கும் புரதங்களுக்குத்தான் அந்தப் பெயர். இரத்தம் உறைந்த பிறகு தெளிந்து நிற்கும் நீரில், அதாவது சீரத்தில், அவை இருக்கும். சூடு பட்டால் அவை வேலைசெய்யாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"கரண்ட் நிக்கிற ஊரில சீரத்தை எப்பிடிப் பழுதாகாம வச்சிருந்தனீர்?" என்று கேட்டேன். நாங்கள் எல்லோரும் அங்கே பேசியது ஆங்கிலமும் ஜெர்மனும். எனக்கு அது எங்கட பேச்சில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"மிருக வைத்திய பீடத்தில மாடுகளுக்குச் சினை ஊசி போட வச்சிருக்கிற நைட்ரஜன் தொட்டி ஒண்டு இருக்கு. அதுக்குக் கரண்ட் தேவையில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மூலை வாங்கினன். மூண்டு வருசமா என்ர பிள்ளையளின்ர சீரம் அங்கதான் இருக்குது."

எங்கள் லாப்பின் ஃப்ரீசர் அந்த வருடத்தில் இரண்டு தரம் பழுதாகி, ஆட்கள் ஓடித் திரிந்தார்கள். அவருடைய தொட்டிக்கு ஒன்றும் நடக்கவில்லை.

2. பெட்டி வந்த நாள்

சீரம் ட்ரை ஐஸ் போட்ட பெட்டியில் விமானத்தில் வர இருந்தது. திங்கட்கிழமை டுசல்டோர்ஃபில் இறங்கும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முந்திய வியாழக்கிழமை ஃபோலாகேக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது அவர்கள் குறித்துக் கொடுக்கும் நேரம், விசா நீட்டுவதற்கு. அவருக்கு ஜெர்மன் அவ்வளவு ஓடாது, அதனால் நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். டெர்மினைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். காலையில் வரிசையில் நின்றவர்கள் மத்தியானம்தான் வெளியே வந்தோம். விசா கிடைத்த சந்தோசத்தில் இருவரும் ஒரு கோப்பி குடித்தோம்.

பெட்டி அன்றைக்கே வந்துவிட்டது. முந்திய விமானத்தில் இடம் இருந்ததாம்.

அதைக் கையெழுத்துப் போட்டு எடுத்தவர் ஃப்ராவ் கெர்னர், எங்கள் மூத்த டெக்னீசியன். கெட்ட மனுசி இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்குச் சூப் கொண்டுவந்தவர். ஆனால் அது எய்ட்ஸ் பயம் எல்லோரையும் பிடித்து ஆட்டிய காலம். எங்கள் கதவில் ஒரு புது விதி ஒட்டியிருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து எந்தச் சீரம் வந்தாலும், கிருமி சாக, வேறு வேலை தொடங்க முதல் வாட்டர் பாத் என்ற வெந்நீர்த் தொட்டியில் ஐம்பத்தாறு பாகைச் சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்தும் எங்களுக்குச் சீரம் வரும். அங்கேயும் அந்த வருத்தம் இருந்தது. அதை ஒருவரும் சூடாக்கச் சொல்லவில்லை.

நாங்கள் உள்ளே வந்தபோது ஃப்ராவ் கெர்னர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பெட்டி வந்திட்டுது, டொக்டர். பயப்பிடாதேங்கோ. எல்லாத்தையும் சூடாக்கி, லேபல் ஒட்டி, ஃப்ரீசரில வச்சிட்டன்."

ஃபோலாகே கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாத்தையுமோ?" என்று கேட்டார்.

"ஓம், எல்லாத்தையும்."

இந்தக் கதையைச் சொன்னால், இந்த இடத்தில் லாப்பில் வேலை பழக வரும் இளம் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், ஐம்பத்தாறு பாகையில் கொம்பிளிமென்ட் செத்துப்போகும் என்று அந்த மனுசிக்குத் தெரியாதா என்று. நன்றாகத் தெரியும். வேறு சோதனைகளுக்குக் கொம்பிளிமென்ட் இடைஞ்சல் என்றால், அதைக் கொல்ல நாங்களே பாவிப்பது அதே வாட்டர் பாத், அதே ஐம்பத்தாறு பாகை, அதே அரை மணி நேரம். தினமும் செய்கிற வேலை.

"எனக்கும் யோசினையாத்தான் இருந்தது," என்றார் ஃப்ராவ் கெர்னர். அவருடைய குரல் இறங்கிவிட்டது. "புரொபெசரிட்டக் கேட்டனான். அவர் கூட்டத்துக்குப் போற அவசரம். விதிப்படி செய்யுங்கோ எண்டு சொன்னவர். விதியில விலக்கு ஒண்டும் எழுதேல்லைத்தானே."

எனக்கு அந்த வாட்டர் பாத்தைத் தூக்கி நிலத்தில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஃபோலாகே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

3. என் இரத்தம் மட்டும்

தெரிந்துகொண்டும் சோதனையைச் செய்தோம். செய்யாமல் இருக்க மனம் விடவில்லை. ஆட்டின் செங்குருதிக் கலங்களைத் தயார்பண்ணி அதோடு சீரத்தைச் சேர்க்க வேண்டும். கொம்பிளிமென்ட் உயிரோடு இருந்தால் கலங்கள் உடைந்து குழாய் முழுக்கத் தெளிந்த சிவப்பாகும். இல்லாவிட்டால் கலங்கள் அடியில் பொத்தான் மாதிரி உட்கார்ந்துவிடும்.

குழாய் குழாயாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் பொத்தான். முறை சரியா என்று பார்க்க என் கையிலிருந்து இரத்தம் எடுத்து ஒரு குழாய் வைத்திருந்தேன். அது மட்டும் அழகாகச் சிவந்தது. நோய் இல்லாத என் இரத்தம் அங்கே நின்று மினுங்கியதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

புரொபெசர் வந்து பார்த்தார். வருத்தப்பட்டார், அதையும் சொல்ல வேண்டும். "வேற சாம்பிள் அனுப்பச் சொல்லுங்கோ, திரும்பச் செய்வம்," என்றார்.

"சின்னப் பிள்ளையள், புரொபெசர். எடுக்கக்கூடிய அளவு இரத்தம் எடுத்து முழுக்க இஞ்ச அனுப்பினனான். அதில கன பிள்ளையள் இப்ப உயிரோட இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதியை மீறி ஆருக்கும் ஏதும் வந்திருந்தா, பொறுப்பு ஆர் எடுக்கிறது? நீங்களே சொல்லுங்கோ." ஃபோலாகே குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அடுக்கினார். உதவித்தொகையின் மிச்சக் காலத்தை அவர் எங்களுடைய வேறு வேலைகளில் உதவி செய்து கழித்தார். குழாய் கழுவுவதற்கு ஒரு டொக்டர்.

4. விமான நிலையம்

வழியனுப்ப நானும் கணவரும் போனோம். கணவர் பெட்டிகளை நிறுக்கப் போயிருந்த நேரம் நான் கேட்டேன்.

"பிள்ளையளின்ர தாய்மாருக்கு என்ன சொல்லப் போறீர்?"

"கரண்ட் நிண்டு சீரம் பழுதாப் போச்சுது எண்டு."

"உம்மட தொட்டி பழுதாகேல்லையே."

"அவைக்குக் கரண்ட் நிக்கிறது தெரியும். அதை நம்புவினம், என்னைக் கொஞ்சம் ஏசிப்போட்டு விடுவினம். உங்கட பிள்ளையின்ர இரத்தத்தைக் கண்டு பயந்து ஜெர்மனியில காய்ச்சிப் போட்டினம் எண்டு சொன்னால், இனி ஒருத்தருக்கும் இரத்தம் தரமாட்டினம். நான் திரும்பக் கேக்கோணும்."

"அப்ப மருந்து?"

"முந்தின மாதிரித்தான். குடுத்துப் பாக்கிறது. எழும்பினால் எழும்பும்."

இருவரும் அழுதோம். கணவர் திரும்பி வந்து ஏன் என்று கேட்டபோது அவருக்கு விளங்கப்படுத்த என்னால் ஏலவில்லை.

5. வருடக் கூட்டம்

அந்த வருட முடிவில் எங்கள் கூடத்தின் வேலைகளைப் புரொபெசர் எல்லோருக்கும் முன்னால் எடுத்துச் சொன்னார். நைஜீரியாவோடு செய்த வேலைக்கு ஒரே ஒரு வசனம் கிடைத்தது.

"அங்கயிருந்து வந்த சாம்பிள்கள் சோதிக்கக்கூடிய நிலையில இருக்கேல்லை."

எனக்குக் காதெல்லாம் எரிந்தது. எழும்பினேன். "வரேக்க நல்லாத்தான் இருந்தது. இஞ்சதான் சூடாக்கினது," என்றேன். ஃப்ராவ் கெர்னர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரொபெசர் தலையாட்டி, "அதைப் பிறகு தனியக் கதைப்பம்," என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். பிறகு கதைக்கவில்லை. நானாகப் போய்க் கேட்டேன். விதி கடைப்பிடிக்கப்பட்டது, அதில் எழுத ஒன்றும் இல்லை என்றார். ஃபோலாகேயின் பல்கலைக்கழகம் இன்னொரு வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தை அடுத்த வருடம் எங்கள் கூடம் திருப்பி அனுப்பியது. அங்கே சாம்பிள்களை ஒழுங்காகப் பாதுகாக்க வசதி இல்லை என்பது காரணம்.

இந்த மாதிரி எழுதும்போது கடைசியில் ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்பார்கள். தூரத்திலிருந்து சாம்பிளோடு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெட்டி வந்து உங்கள் கையில் சேரும் வரைக்கும் அந்தக் கதவை விட்டு அசையாதீர்கள். டெர்மின் போனால் போகட்டும். இதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும், டெர்மின் போனால் விசா போகும், விசா போனால் அந்தக் கதவடியில் நிற்கவே விடமாட்டார்கள். இத்தனை வருடம் யோசித்தும் இதைவிட நல்ல புத்திமதி எனக்கு வரவில்லை.