இஞ்சின் அறைக்குக் காற்று

எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் டீசல் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு இறங்கிவிட்டார்கள். நாற்றுகளுக்குத் தண்ணீர் இறைக்க நான் மட்டும் தங்கினேன்.

பொங்கலன்று காலை குளிர் தாங்காமல் இஞ்சின் அறையின் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அறை கொதித்தது. இஞ்சின் திணறியது. இஞ்சினின் புகைக்குழாயில் கசிந்த புகையில் எனக்குத் தலை சுற்றியது. தவழ்ந்து வெளியே வந்து புல்லில் வாந்தி எடுத்தேன்.

"யாராச்சும் இருக்கீகளா?" என்று கத்தினேன். யாரும் இல்லை என்று தெரிந்தும் இன்னொரு முறை கத்தினேன்.

தெளிந்ததும் தகரச் சுவரில் தரையோரம் ஒரு ஓட்டையும் கூரையோரம் ஒரு ஓட்டையும் வெட்டினேன். கீழே குளிர்காற்று நுழைந்தது, மேலே சூடும் புகையும் வெளியேறின. இஞ்சின் சீராக ஓடியது.

நான்காம் நாள் ஆட்களோடு ஜீப்பு வந்தது.

"ஏண்ணே, தகரத்த இப்படி வெட்டிப்போட்டீக?" என்றார் டிரைவர்.

"காத்து வரணும்ல."

நடந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் லோடு இறக்கப் போய்விட்டார். அன்று வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், நான் சௌக்கியம் என்று மட்டும் எழுதினேன்.