அண்ணி கறுக்கவைத்த விளக்கு

கார்த்திகை தீபம் நெருங்கினால் எங்கள் அம்மாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், புளி இருந்தால் போதும். பூஜை அலமாரியில் இருக்கிற குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, மணி, தாம்பாளம் எல்லாவற்றையும் இறக்கிப் பின்பக்கக் குழாயடியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இந்த வருஷம் வேலூரிலிருந்து வந்திருந்த நானும், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணும் கூடவே உட்கார்ந்தோம். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. அலமாரியில் ஒரே ஒரு விளக்கு மட்டும் விட்டுப்போயிருப்பதைப் பார்த்து எழுந்துபோய் எடுத்துவந்தாள். அன்னக் கழுத்துக் கைப்பிடி வைத்த கைவிளக்கு. தீப்பிடித்த வீட்டிலிருந்து எடுத்ததைப் போல அத்தனை கறுப்பு. புளிக் கையை அதன்மேல் வைக்கப் போனாள். அம்மா போட்ட கூச்சலில் குழாயடிக் காக்கை பறந்தது. "ஏய், ஏய்! அதுல மட்டும் கை வைக்காத!"

"இல்ல ஆன்ட்டி, இதுலதான் கரி ஜாஸ்தியா இருக்குது..." என்றாள் பாவம் அந்தப் பெண். அம்மா விளக்கைப் பிடுங்கி, தன் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதை உள்ளே கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பித்தளையில் ஒரு புள்ளிக் கறுப்பைக் கண்டால் தூக்கம் வராத ஜென்மம் எங்கள் அம்மா. அவள் ஒரு விளக்கைக் கரியோடு காப்பாற்றுகிறாள் என்றால் அதற்குக் காரணம் எங்கள் அண்ணிதான்.

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்து எழுதுகிறாளே, உலகம் தலைகீழாகிவிட்டதா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, அண்ணாமலையார் மலை தெரியும் எங்கள் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தபோது அண்ணி கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட். அண்ணன் பஸ் டிரைவர், பாதி நாள் ரோட்டில் இருப்பான். கல்யாணமாகிச் சில மாதத்துக்குள் மாடி அறையில் ஒரு தினுசான சத்தம் கேட்க ஆரம்பித்தது. அரம் ராவுகிற சத்தம், கத்தரி வெட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் ஃபோம் ஷீட்டில் ஒரு கிரீடம். பழைய ராஜா ராணிப் படம் ஒன்றில் வில்லன் வைத்திருப்பானே, அதேதான், கல்லுக்குக் கல் அப்படியே. ஆபீஸ் விட்டு வந்து, சமையல் முடித்து, மிச்சமிருக்கிற நேரத்தில் அவர் செய்வது அதுதான்: சினிமாவில் பார்த்த சாமான்களை அச்சு அசலாகச் செய்வது. காவலாளி ஈட்டி, மந்திரவாதி மோதிரம், துப்பறிகிறவன் சிகரெட் பெட்டி. நான் அப்போது கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். போனில் படமெடுத்து ஊருக்குக் காட்டுவதும், வந்த ஆர்டருக்கு அட்டைப்பெட்டி கட்டிப் பார்சல் போடுவதும் என் பொறுப்பாயிற்று. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் வாங்கினார்கள், படப் பைத்தியங்கள் வாங்கினார்கள். ஒரு மாப்பிள்ளை தன் கல்யாண ஆல்பத்துக்காக வாள் வாங்கினான்.

அம்மாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. "கவர்மென்ட்டு சம்பளம் வாங்கற பொண்ணு, அட்டைக் கத்தி செஞ்சு விக்கறாளாம். கோயில் வாசல்ல பொம்மைக் கடை போட வேண்டியதுதான்" என்று மாடிக்குக் கேட்கிற மாதிரியே சொல்வாள். அண்ணி எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அண்ணி சிரித்துக்கொண்டே, "விடு பாப்பா, அத்தை நம்ம சாமான பார்த்துட்டுதான திட்டறாங்க. பார்க்காம போனாதான் கஷ்டம்" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். "புதுசா செய்யறது சுலபம் பாப்பா. பழசா செய்யறதுதான் வேலை." கிரீடத்தைச் செய்ய ஒரு வாரம் என்றால், அதை நாலு ராஜா போட்டுக் கழற்றியதாக்க இரண்டு வாரம் ஆகும் அவருக்கு. டீத்தண்ணீர், ஷூ பாலிஷ், உப்புத்தாள் என்று எதையாவது பூசித் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவருடைய அம்மா சின்ன வயதில் ஒரே ஒரு படத்தில் நடித்தவராம். நடித்தார் என்று கூடச் சொல்ல முடியாது. எரிந்துபோன அரண்மனையில் பணிப்பெண்ணாக ஒரு கைவிளக்கை ஏந்தி, சுரங்கத்தில் இளவரசனுக்கு வழி காட்டி நடப்பார். வசனம் கிடையாது. முகம் முழுதாகத் திரும்புவதற்குள் காட்சி முடிந்துவிடும். டைட்டிலில் பெயரும் இல்லை. "அந்த விளக்கை அவங்க கையில ஒரு தடவை குடுக்கணுங்க. தீபத்துக்குக் கூட்டிட்டு வரேன், அப்ப தர முடியுங்களா?" என்றார். அண்ணி அந்தக் காட்சியைப் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததை நான் எண்ணவில்லை. போனே சூடாகிப்போனது. இதற்கு ஃபோம் சரிப்படாது, பித்தளைதான் என்று முடிவு செய்தார். தேரடித் தெருப் பழைய பாத்திரக் கடையில் ஓர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தார். தகட்டை வெட்டி இறக்கை, குழாயை வளைத்துக் கழுத்து. பற்றவைக்க மட்டும் பட்டறையில் கொடுத்தார், மற்றதெல்லாம் அவர் கைதான். படத்தில் விளக்கின் வலதுபக்கம் மட்டுமே தெரியும். இடதுபக்கம் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. "கேமரா பார்க்காத பக்கம் நம்ம இஷ்டம்" என்று அங்கே சின்னதாக நம் மலையைச் செதுக்கினார்.

பிறகு கறுக்கவைக்கிற வேலை. தீயில் தப்பிய விளக்கு அல்லவா! அவித்த முட்டையை உடைத்து விளக்கோடு ஒரு வாளியில் போட்டு மூடிவைத்தால், அந்த ஆவியில் பித்தளை மெல்ல மெல்லக் கறுக்குமாம். மாடியில் வாளியைத் திறக்கும்போதெல்லாம் நாற்றம் குடலைப் பிடுங்கும். "இன்னாடி இது, எலி கிலி செத்துக் கிடக்குதா?" என்று அம்மா வீடெல்லாம் தேடினாள். கார்த்திகை பிறக்கும் முன்னே முட்டை வேலையை முடித்துவிட்டார் அண்ணி. கார்த்திகை மாதம் எங்கள் வீட்டுக்குள் முட்டை என்ற பேச்சே எடுக்கக்கூடாது. அப்புறம் தினமும் புகை காட்டி, துணியால் ஒற்றி, மறுபடி புகை காட்டி, கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நெருப்பு எந்தப் பக்கமிருந்து அடித்தது என்றுகூடச் சொல்லிவிடலாம், அப்படி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் அது நடந்தது. அண்ணிக்கு ஆபீஸில் தீபக் கூட்டத்துக்கான ஏற்பாட்டு வேலை, காலையிலேயே போய்விட்டார். நான் கடையில். வீட்டு விளக்குகளைத் தேய்த்து முடித்த அம்மா, மாடியில் ஏதாவது இருக்கிறதா என்று மூட்டுவலியோடு ஏறிப் பார்த்திருக்கிறாள். அலமாரியில் கரிபிடித்த ஒரு பித்தளை விளக்கு, அதில் மலை வேறு இருக்கிறது. மருமகளுக்குத் தாய் வீட்டில் கொடுத்த சீர் விளக்கு என்றே நினைத்துவிட்டாள். ஐயோ, வேலைக்குப் போகிற பெண், தேய்க்க நேரமில்லாமல் இப்படிப் போட்டு வைத்திருக்கிறாளே என்று அவளுக்கு இரக்கம் வந்திருக்கிறது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, புளியும் செங்கல் பொடியும் போட்டு, இறக்கை இடுக்கெல்லாம் குச்சி விட்டுத் தேய்த்திருக்கிறாள். நான் வந்தபோது விளக்கு தங்கம் மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே அண்ணி வந்தார்.

"இந்தாம்மா, உன் அம்மா வீட்டு விளக்கு. எப்படி இருக்குது பாரு" என்று அம்மா இரண்டு கையாலும் நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அம்மா அண்ணியிடம் அவ்வளவு ஆசையாகப் பேசி நான் பார்த்ததில்லை. அண்ணி வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அழவில்லை அவர். அரம், கத்தரி எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். "அந்த சாருக்குப் போன் பண்ணி, முடியலன்னு சொல்லிடு பாப்பா. இதோட நிறுத்திக்கறேன். போதும்" என்றார். அந்தப் 'போதும்' என்னைச் சுட்டது.

கீழே வந்து அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "அது சீர் விளக்கும் இல்ல, மோர் விளக்கும் இல்ல! அண்ணி தன் கையால செஞ்சது! அந்தக் கரியும் அவங்க முட்டை ஆவி காட்டிச் செஞ்சதுதான்! மாசக்கணக்கா செஞ்சத ஒரே மத்தியானத்துல தேய்ச்சுத் தள்ளிட்டியே!" அம்மா முதலில் நம்பவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அண்ணி எழுந்து நின்றார். அம்மா அவர் கையைப் பிடித்து விரலைப் பார்த்தாள். அரம் பட்ட கீறல்கள் இருந்தன. "கல்யாணமாகி வந்த நாள்லேந்து விளக்கு தேய்க்கறேன். தேய்க்கும்போதுகூட எனக்கே தெரியலியே. நெசமாவே நீயா செஞ்ச?" என்றாள். அண்ணி தலையசைத்தார். அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது, அன்றைக்கும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "போயி அரை டஜன் முட்டை வாங்கிட்டு வா" என்றாள்.

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். "கார்த்திகைம்மா" என்றேன். "எனக்குத் தெரியாதா? அண்ணாமலையாருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். மாடியிலேயே வேக வை. கீழ எடுத்தாந்தேன்னா தெரியும் சேதி!" கடைக்காரர் முட்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "என்னம்மா, தீபத்துக்கு முன்னாடியா?" என்று கேட்டார். "விளக்குக்குண்ணா" என்றேன். அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்புத்தான். திரும்பி வந்தபோது பையிலிருந்த அரமெல்லாம் மறுபடி மேஜைமேல் இருந்தது. வாளி மூடப்பட்டது. மறுநாள் சாயங்காலம் திறந்தபோது விளக்கு மங்கிக் கறுத்திருந்தது. ஆனால் கரி போதவில்லை. "வேப்பெண்ணெயில புகை ஜாஸ்தி" என்று அம்மா ஒரு திரியைப் போட்டு ஏற்றினாள். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி விளக்கைப் பிடிக்க ஒருத்தி புகை காட்டினார்கள். அம்மா முகமெல்லாம் கரி. முந்தின நாள் பிறாண்டி எடுத்ததை மறுநாள் உட்கார்ந்து பூசுகிறவள் உலகத்திலேயே எங்கள் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தீபத்தன்று அவர்கள் வருவதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் அந்த அம்மாளை மகன் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தார். ஒல்லியான உருவம், வெள்ளை முடி. எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனோம். மலை உச்சியில் தீபம் தெரிந்தது. தெரு முழுக்க "அரோகரா" என்று சத்தம் எழுந்தது. வீட்டுக்கு வீடு விளக்கேற்றினார்கள். மகன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி எண்ணெயை விளக்குக்கு வெளியே சிந்தினார். அதைப் பார்த்த அம்மா, தானே விளக்கில் எண்ணெய் விட்டு, திரி போட்டு, ஏற்றி, "இந்தாங்கம்மா" என்று அந்த அம்மாளிடம் கொடுத்தாள்.

அவர் வாங்கினார். பிறகு குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது. இடது கை தானாக எழுந்து சுடரை மறைத்துக்கொண்டது. முகம் லேசாகத் திரும்பியது. போனில் அத்தனை தடவை பார்த்த அதே திரும்பல். மெதுவாக நாலடி நடந்தார். நின்று, விளக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கனக்குதே! அன்னிக்குப் படத்துல குடுத்தது அட்டைம்மா. மேல கறுப்பு மை. எண்ணெய் ஏது, திரி ஏது? நடக்கும்போது தூரத்துலேந்து லைட் அடிப்பாங்க. எரியாத விளக்குக்குத்தான் அன்னிக்குக் கை மறைச்சேன். இன்னிக்குத்தான் எரியுது."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பி, "இத செஞ்சது யாருங்க?" என்று கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள். "எங்க மருமக. கலெக்டர் ஆபீஸ்ல வேலை. அங்கயும் வேலை பார்த்துட்டு, வந்து இதையும் செய்யறா" என்றாள். பக்கத்து மாடியில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். முன்பு திட்டும்போது போடுகிற அதே குரல்தான். அண்ணி அப்போதுதான் அழுதார்.

விளக்கு சென்னைக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே அம்மா, "அதே மாதிரி எனக்கொண்ணு செஞ்சு குடு" என்றாள். "பளபளன்னு செஞ்சு தரேன் அத்தை" என்றார் அண்ணி. "எனக்கெதுக்குப் பளபளப்பு? அது என்கிட்ட நெறைய இருக்குது. கறுப்பாவே குடு" என்றாள் அம்மா. அண்ணி இப்போது பதவி உயர்வாகி அண்ணனோடு செய்யாறில் இருக்கிறார். அங்கேயும் ஓர் அறையில் அரம் ராவுகிற சத்தம் கேட்கிறது. அவர் செய்த கிரீடங்களும் வாள்களும் எந்தெந்த ஊரிலோ இருக்கின்றன. கண்காட்சி ஒன்றுக்குக்கூட வாங்கிப் போனார்கள். எங்கே எதைப் பார்த்தாலும் நான் வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்வேன், எங்கள் அண்ணி செய்தது என்று.

இதையெல்லாம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் சொல்லி முடித்தபோது குழாயடியில் விளக்குகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் அடுக்கினாள். நடுவில் அந்தக் கறுப்பு விளக்கு இருந்தது. அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "மேல தூசு மட்டுமாவது தட்டிடட்டா ஆன்ட்டி? அழுக்கு நிக்குதே" என்றாள்.

அம்மா விளக்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நிக்கட்டும். அது என் மருமக போட்ட அழுக்கு."